‘லைன் கட் ஆனா நான் என்ன செய்வேன்னு சொல்லட்டுமா?’ - ஆன்லைன் கவுன்சலிங்குக்கு ஆறு தொழில்கள் சொல்லித்தரும் பாடங்கள்!

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் எங்கள் வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன். ஹாலில் அம்மா சீரியல் பார்ப்பார். பெட்ரூமில் தம்பி படித்துக்கொண்டிருப்பான். அதனால், என் முதல் ஆன்லைன் கவுன்சலிங்குக்கு எனக்குக் கிடைத்த இடம் மொட்டை மாடி. தண்ணீர் டேங்குக்குப் பின்னால், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

அப்பா இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. தூக்கம் போய்விட்டது. யாருடைய போன் அடித்தாலும் நெஞ்சு படபடத்தது. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடமும் சொன்னதில்லை. ஒரு ஆப் வழியாக கவுன்சலர் ஒருவரிடம் நேரம் வாங்கினேன். அரை மணி நேரம் சுற்றி வளைத்துப் பேசியபிறகு, ஒருவழியாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“அன்னிக்கு சாயங்காலம் அப்பா மூணு தடவை கூப்பிட்டாரு மேம். வேலைல இருக்கேன்னு மூணு தடவையும் நான்தான் கட் பண்ணேன்...”

எதிரே இருந்த முகம் அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி நின்றது. முதலில் அதிர்ச்சி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நெட்வொர்க் போய்விட்டது.

நான்கு நிமிடங்கள் கழித்து அவர் திரும்ப வந்தார். “ஸாரி, நெட் பிராப்ளம். எங்க விட்டோம்?” என்றார். எனக்கு அதை இரண்டாவது முறை சொல்ல வரவில்லை. “ஒண்ணுமில்ல மேம், இப்போ பரவால்ல” என்றேன். அதன்பிறகு பல மாதங்கள் நான் எந்த கவுன்சலரிடமும் பேசவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் பேசினார். ஆனால், லைன் கட் ஆனால் என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் இடையே எந்தப் பேச்சும் இல்லை. அதைப் பேச வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

இரண்டாவதாக நான் தேடிப்போன கவுன்சலர் வேறு மாதிரி. வணக்கம் சொல்லி முடித்த கையோடு, “லைன் கட் ஆனா நான் என்ன செய்வேன்னு முதல்ல சொல்லிடட்டுமா?” என்று கேட்டார். ரெண்டு நிமிஷத்துக்குள் அவரே என் போனுக்கு சாதாரண காலில் கூப்பிடுவாராம். நான் எடுக்காவிட்டால் ஒரு மெசேஜ் அனுப்புவாராம். விட்ட இடத்தை அவரே எனக்கு நினைவுபடுத்துவாராம். “இதெல்லாம் படிப்புல சொல்லித்தருவாங்களா மேம்?” என்று கேட்டேன். சிரித்தார். “எங்க அண்ணன் ஏர்போர்ட்ல வேலை செய்றார். அவர்கிட்ட இருந்து சுட்டது” என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்கான ஆரம்பம். வீடியோ காலில் மனசு விட்டுப் பேசுவது நமக்குப் புதுசு. ஆனால், முகம் பார்க்காமல், தூரத்தில் இருந்துகொண்டு, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தைக் கையாள்வது பல தொழில்களுக்குப் பழசு. அவர்கள் அடிபட்டுக் கற்றதை மனநல ஆலோசகர்கள் எடுத்துக்கொள்ள முடியுமா?

கீழ்ப்பாக்கம் தூரம்

அதற்கு முன்னால், ஆன்லைனே எதற்கு என்ற கேள்வி. மாங்காட்டிலிருந்து போரூர், கோயம்பேடு தாண்டித்தான் கீழ்ப்பாக்கம். 1794-ல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால், கிலோமீட்டரைவிடப் பெரிய தூரம் அந்தப் பெயரில் இருக்கிறது. ‘உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்’ என்ற கிண்டலைக் கேட்காமல் சென்னையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் டாக்டரிடம் போவதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்கே வருவதில்லை என்றும் சொன்னது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 25-ம் தேதி, டாக்டர்கள் வீடியோ, போன் வழியாக ஆலோசனை தருவதற்கான வழிகாட்டுதல்கள் வெளியாயின. 2022 அக்டோபரில் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை வந்தது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில், 14416 என்ற எண்ணில் அது நடக்கிறது. நாடு முழுவதும் அதற்கு வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

பலன் இருக்கிறதா? மனச்சோர்வு, பதற்றம் போன்ற பிரச்னைகளுக்கு, பயிற்சி பெற்ற ஒருவர் முறையாக வழிநடத்தினால், ஆன்லைன் சிகிச்சையும் நேரில் பார்ப்பதற்கு நிகரான பலனைத் தருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ‘முறையாக’ என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எலுமிச்சம்பழத்தோடு தொடர்ந்து ஆறு வாரம் வர வேண்டும். ஒரு வாரம் வந்துவிட்டு நின்றுவிட்டால் வேண்டுதல் முடிந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். கவுன்சலிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் வாரத்திலேயே என்னைப் போல நின்றுவிட்டால் பலனை எதிர்பார்க்க முடியாது. நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்? ஆறு வாரத்துக்கு ஆறு பாடங்கள்!

1. விமானி: லைன் கட் ஆவதற்கு முன்பே பேசி வை

பறந்துகொண்டிருக்கும்போது ரேடியோ செத்துப்போனால் விமானி என்ன செய்வார்? விமானத்திலிருக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்ற எண்ணைப் போடுவார். உலகின் எந்த மூலையிலும் அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: ‘என் ரேடியோ வேலை செய்யவில்லை.’ தரையில் ராடாரைப் பார்ப்பவருக்கு உடனே புரிந்துவிடும். அடுத்து விமானி எந்தப் பாதையில் வருவார், எப்போது இறங்குவார் என்பதற்கும் விதி இருக்கிறது. டவரிலிருந்து பச்சை விளக்கைக் காட்டி இறங்கச் சொல்வதற்கும் ஏற்பாடு உண்டு. ரேடியோ போகாது என்று யாரும் நம்புவதில்லை. போகும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போடுகிறார்கள்.

புறப்படும் முன் செக்லிஸ்ட் பார்க்கும் பழக்கமும் ஒரு விபத்திலிருந்து வந்தது. 1935 அக்டோபர் 30-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்தில் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் அனுபவசாலி. ஆனால், நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடும் ஒரு பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அதன்பிறகு, ‘இவ்வளவையும் மனசில் வைத்துக்கொள்ள எந்தத் திறமைசாலியாலும் முடியாது’ என்று ஒப்புக்கொண்டு, ஒரு சின்ன அட்டையில் வேலைகளை எழுதினார்கள். அதே ரக விமானம் பிறகு இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

அந்த அட்டை ஆபரேஷன் தியேட்டருக்கும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சை செக்லிஸ்ட்டை வெளியிட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தது. சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவிகிதமாகக் குறைந்தன.

கவுன்சலருக்கு இவ்வளவு பெரிய பட்டியல் தேவையில்லை. சார்ஜ் இருக்கிறதா, ஹெட்போன் இருக்கிறதா, கட் ஆனால் யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடத்துக்குள், எந்த எண்ணில்? ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். மாடியில் உட்கார்ந்து, உறைந்துபோன ஒரு முகத்தை நான்கு நிமிடம் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் விலைமதிப்பற்றது.

2. ‘108’: இப்போ எங்கே இருக்கீங்க?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. கூப்பிட்டவர் எவ்வளவு பதறினாலும், எதிர்முனையில் இருப்பவர் இடத்தைக் கேட்காமல் விடமாட்டார். எந்த மாவட்டம், எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம்? இது காரணமில்லாமல் இல்லை. ‘மாங்காடு’ என்று மட்டும் சொன்னால் போதாது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு மாங்காடு இருக்கிறது!

நேரில் போனால், நாம் எங்கே இருக்கிறோம் என்று கவுன்சலருக்குத் தெரியும். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்போம். வீடியோவில் தெரியாது. ஒரே ஆள் ஒரு வாரம் வீட்டிலிருந்து பேசுவார், அடுத்த வாரம் ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்திய காருக்குள்ளிருந்து பேசுவார், அதற்கடுத்த வாரம் ஹாஸ்டல் மாடியிலிருந்து பேசுவார். பேச்சின் நடுவே நிலைமை கைமீறினால், எங்கே உதவி அனுப்புவது?

அதனால்தான், ‘இப்போ எங்கே இருக்கீங்க?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். முதல் நாள் படிவத்தில் வாங்கிய முகவரி போதாது. கூடவே, அவசரமானால் தொடர்புகொள்ள ஒரு நபரின் எண்ணும் வேண்டும். அந்த நபரை எந்தச் சூழ்நிலையில் மட்டும் கூப்பிடுவார் என்பதையும் கவுன்சலர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ‘அம்மாகிட்ட போட்டுக்கொடுத்துடுவாங்களோ’ என்ற பயத்தில் யாரும் உண்மையான எண்ணைத் தரமாட்டார்கள். முதல் முறை நான்கூட ஆபீஸ் தோழியின் பழைய எண்ணைத்தான் கொடுத்திருந்தேன்.

3. மருந்துக்கடை: ஒரு ரகசிய வார்த்தை

2020 மார்ச். ஊரடங்கில் வீட்டுக்குள் அடிக்கும் கணவனோடு பூட்டப்பட்ட பெண்கள் எப்படி உதவி கேட்பார்கள் என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. போன் பேசினால் அவன் கேட்பான். ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மருந்துக்கடைக்குப் போய், ‘மாஸ்க் 19 வேண்டும்’ என்று கேட்டால் போதும். பக்கத்தில் அவனே நின்றாலும் சந்தேகம் வராது. கடைக்காரர் புரிந்துகொண்டு உதவிக்கு ஆள் சொல்வார். இந்த யோசனை வேறு நாடுகளுக்கும் பரவியது.

நம் ஊரில் ஆன்லைன் கவுன்சலிங்கின் பெரிய எதிரி, கதவு. பல வீடுகளில் தனி அறை கிடையாது. அறை இருந்தாலும் தாழ்ப்பாள் போட்டால், ‘உள்ள என்ன பண்ற?’ என்ற குரல் வரும். மாமியாரைப் பற்றிப் பேசும்போது மாமியாரே காபி டம்ளரோடு வருவார்.

அதற்கு ஒரு ரகசிய வார்த்தை உதவும். ‘மளிகை லிஸ்ட்டை அப்புறம் அனுப்பறேன்’ என்று நான் சொன்னால், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். என் கவுன்சலர் உடனே, ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு மாறிவிடுவார். சேட்டில் தொடரலாமா என்றும் கேட்பார். ஒருநாள் அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தபோது இதைப் பயன்படுத்தினேன். “யார்கிட்ட பாப்பா பேசற?” என்றார் அம்மா. “ஆபீஸ்மா” என்றேன். திரையில் கவுன்சலர் ஒரு ஃபைலைப் புரட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்!

4. கன்ட்ரோல் டவர்: கேட்டதைத் திருப்பிச் சொல்

1977 மார்ச் 27-ம் தேதி நடந்த விபத்தும் கேனரி தீவுகளில்தான். டெனெரிஃப் விமான நிலையம், பனிமூட்டம். ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்றின் விமானி, கிளம்ப அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து வேகமெடுத்தார். டவரிலிருந்தவர் ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு, காத்திருக்கும்படி சொன்னார். அதே நொடியில் இன்னொரு விமானமும் பேசியது. இரண்டு குரல்களும் மோதியதில், அந்த விமானியின் காதில் விழுந்தது ‘ஓகே’வும் ஒரு கிறீச் சத்தமும்தான். 583 பேர் இறந்துபோனார்கள்.

அதன்பிறகு ரேடியோ பேச்சின் விதிகள் இறுக்கமாயின. முக்கியமான உத்தரவுக்கு வெறும் ‘ஓகே’ பதிலாகாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கேப்டன் தவறு செய்கிறார் என்று தோன்றினால், ஜூனியரும் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று பயிற்சி தந்தார்கள்.

வீடியோ காலில் குரல்கள் மோதுவதை நாம் தினமும் பார்க்கிறோம். அரை நொடி தாமதத்தில் இருவரும் ஒன்றாகப் பேசுவோம். ‘நீங்க சொல்லுங்க...’, ‘இல்ல, நீங்க சொல்லுங்க...’ ஆபீஸ் மீட்டிங்கில் அது வேடிக்கை. கவுன்சலிங்கில் அந்த இடத்தில்தான் ஒருவர் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார். ஒரு மௌனம் வந்தால், அது அழுகையா, யோசனையா, நெட்வொர்க்கா என்று தெரியாது. ‘ம்...’ என்பது ஒப்புதலா, சலிப்பா என்றும் தெரியாது.

எனவே, கவுன்சலர் அவ்வப்போது திருப்பிச் சொல்ல வேண்டும். “நீங்க சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?” என் விஷயத்தில் அவர் அப்படித் திருப்பிச் சொன்னார்: “அப்பா போனை எடுக்காததால அவர் போயிட்டார்னு நினைக்கிறீங்க.” நான் மறுத்தேன். “இல்ல மேம், எடுத்திருந்தாலும் போயிருப்பாருன்னு தெரியும். அவர் என்ன சொல்ல வந்தாருன்னு தெரியலையே, அதான்.” எனக்கே அன்றுதான் என் வலி எதுவென்று புரிந்தது. அவர் புரிந்துகொண்டது தவறு. ஆனால், திருப்பிச் சொன்னதால்தான் அந்தத் தவறு வெளியே வந்தது.

5. கண் ஆஸ்பத்திரி: டாக்டர் தூரத்தில், ஓர் ஆள் பக்கத்தில்

மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்து சென்னைப் பக்கம் திரும்பினால், நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அமைப்பின் சென்னைக் கிளை இது. அரவிந்தின் பெரிய கட்டடங்களைவிட, சிற்றூர்களில் இருக்கும் அதன் சின்ன ‘விஷன் சென்டர்’கள்தான் நம் விஷயத்துக்குப் பாடம்.

அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதித்து, விவரங்களைக் கணினியில் ஏற்றுவார். தலைமை மருத்துவமனையிலிருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நோயாளியிடம் வீடியோவில் பேசுவார். டாக்டர் பேசி முடித்தபிறகும் அந்த ஊழியர் பக்கத்திலேயே இருப்பார். ‘டாக்டர் என்னம்மா சொன்னாரு?’ என்று கேட்க ஓர் ஆள்.

மனநலத்திலும் தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓடும் மனநல கிளினிக்காக மாற்றியது. பஸ் கிராமத்துக்குப் போகும். நோயாளி உள்ளே ஏறி உட்கார்ந்தால், திரையில் டாக்டர் பேசுவார். மருந்து அந்த பஸ்ஸிலேயே கிடைக்கும். உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பார்கள். டெக்னாலஜி இதில் பாதிதான். மீதிப் பாதி, அந்தப் பணியாளரின் கால்நடை.

நம் போனில் இருக்கும் பெரும்பாலான கவுன்சலிங் ஆப்களில் அந்த மீதிப் பாதி கிடையாது. கால் முடிந்ததும் திரை இருண்டுவிடும். அழுத கண்ணோடு நாம் மாடியில் தனியாக நிற்போம். அதற்கும் சின்ன ஏற்பாடு போதும். கடைசி ஐந்து நிமிடத்தை, ‘அடுத்த ஒரு மணி நேரம் என்ன செய்யப்போறீங்க, யார்கூட இருப்பீங்க?’ என்று பேசுவதற்கு ஒதுக்கலாம். மறுநாள் ஒரு வரி மெசேஜ் அனுப்பலாம். அருகிலிருக்கும் ஒரு மருத்துவமனையின் பெயரைக் கவுன்சலர் தெரிந்து வைத்திருக்கலாம்.

6. பாட்டு வாத்தியார்: நன்றாகப் பாடுகிறோம் என்று நாமே முடிவு செய்ய முடியாது

பாட்டு கிளாஸ் போனவர்களுக்குத் தெரியும். சரளிவரிசையை நூறு தடவை பாடியிருப்போம். நமக்கு நன்றாகத்தான் கேட்கும். வாத்தியார் நிறுத்துவார். “அந்த மத்யமம் இறங்குது பாரு, மறுபடி பாடு.” சொல்ல ஆள் இல்லாவிட்டால், தவறையே நூறு தடவை சாதகம் செய்துகொண்டிருப்போம்.

கவுன்சலர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 129 மனநல நிபுணர்களிடம் தங்கள் திறமைக்குத் தாங்களே மார்க் போடச் சொன்னார்கள். ‘நான் சராசரிக்குக் கீழே’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான்கில் ஒருவர், தன்னை முதல் பத்து சதவிகிதத்துக்குள் வைத்துக்கொண்டார். 2005-ல் வெளியான இன்னோர் ஆய்வில், 550 பேர் சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் 40 பேரின் நிலை மோசமானது. சிகிச்சை அளித்தவர்கள் முன்கூட்டியே சரியாகக் கணித்தது ஒரே ஒருவரைத்தான்.

இதற்கு மருந்து, கேட்பது. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும், ‘இன்னிக்குப் பேசினது உதவியா இருந்துச்சா? பத்துக்கு எத்தனை?’ என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்து வைப்பது. குறைந்தால், ஏன் என்று பேசுவது. தன்னைவிட அனுபவமுள்ள ஒருவரிடம், பேர் ஊர் சொல்லாமல், தன் வேலையை விவாதிப்பது. கடினமான தருணங்களை சக ஆலோசகரோடு நடித்துப் பார்ப்பது. ஆன்லைனில் இது இன்னும் சுலபம். சேட் பாக்ஸில் ஒரு எண்ணைத் தட்டினால் போதும்.

முகத்துக்கு நேராக ‘நல்லா இல்லை’ என்று சொல்வது நமக்கு வராது. பெரியவர்களிடம் சொல்லவே வராது. எண்ணாகக் கேட்டால் சொல்லிவிடுவோம். முதல் கவுன்சலர் என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால், ‘நாலு’ என்று தட்டியிருப்பேன். அவருக்கும் தெரிந்திருக்கும்.

விமானம் வேறு, மனுஷி வேறு

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடங்களையெல்லாம் வரிசையாகப் படித்து ஒப்பித்தால், கிரெடிட் கார்டு விற்கிற கால் சென்டர் போலாகிவிடும். ‘உங்கள் லொகேஷனை உறுதிசெய்யவும்’ என்று இயந்திரக் குரலில் கேட்டால், துக்கத்தோடு வந்தவர் ஓடிவிடுவார். கால் சென்டரில் ‘தரத்துக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது’ என்பார்கள். அது இங்கே, நம் தெளிவான சம்மதம் இல்லாமல் நடக்கவே கூடாது. மனநல சிகிச்சையில் ரகசியம் என்பது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் உரிமை.

விமானிக்கு செக்லிஸ்ட் எதற்கு? பூட்டையும் சுவிட்சையும் அட்டை பார்த்துக்கொண்டால், அவர் வானத்தைப் பார்க்கலாம். கவுன்சலருக்கும் அப்படித்தான். கட் ஆனால் என்ன, பக்கத்தில் யார் என்ற கவலையெல்லாம் முதல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டால், மீதி நேரம் முழுக்க எதிரில் இருப்பவரைப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்கலாம்!

இந்த மாற்றங்களுக்குப் புது ஆப் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. கவுன்சலர் சொல்லாவிட்டால், நாமே கேட்கலாம். முதல் சந்திப்புக்கு முன்னால் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

* உங்கள் படிப்பு என்ன, பதிவு எண் உண்டா? (மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கும். மருந்து எழுதித்தர மருத்துவரால்தான் முடியும்.)
* லைன் கட் ஆனால் யார் கூப்பிடுவது, எந்த எண்ணில்?
* பக்கத்தில் யாராவது வந்தால் நான் என்ன வார்த்தை சொல்லட்டும்?
* எந்தச் சூழ்நிலையில் என் வீட்டாரைத் தொடர்புகொள்வீர்கள்?
* நாம் பேசுவது பதிவாகிறதா? குறிப்புகள் எங்கே இருக்கும்?
* எனக்கு முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்?

இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்பவர் கிடைத்தால், தாராளமாகத் தொடருங்கள்.

மூணு தடவை கட் செய்த அந்த போனைப் பற்றி, அம்மாவிடமே கேட்டுவிடுங்கள் என்று என் கவுன்சலர் சொன்னார். கேட்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியிலிருந்து துணியை எடுத்தபடி கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அன்னிக்கா? வர்றப்போ எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு நான்தான் கூப்பிடச் சொன்னேன். மறுநாள் கோயிலுக்கு ஆறாவது வாரம். ஏன் பாப்பா?”

நான் பதில் சொல்லவில்லை. அன்று இரவு தூங்கினேன்.

*(மனது தாங்க முடியாத நிலையில் இருந்தால் தனியாக இருக்க வேண்டாம். 14416 - டெலி மானஸ், ‘நட்புடன் உங்களோடு’, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 - தமிழக அரசின் மருத்துவ உதவி எண். சென்னையில் 1986 முதல் செயல்படும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையம் - 044-24640050. உடனடி ஆபத்து என்றால் 108.)*